வளர்ப்பா, சேர்க்கையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஒருவர் வாழ்க்கையைத் தீர்மானிப்பது பெற்றோர் வளர்ப்பா, உடன் பழகும் நட்பா என்பது தலைப்பு. நட்புதான் என்று வழக்காட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அம்மையார், "தாய் ஊட்டிய பண்புதான் சாகும்வரை நிற்கும்" என்று முழங்கினார். நல்ல கைதட்டல். ஒன்று கேட்கிறேன்: பிள்ளை நல்ல மார்க் வாங்கினால், "எங்க வளர்ப்பு அப்படி". அதே பிள்ளை அரியர் வைத்தால்? "சேர்க்கை சரியில்லைங்க!" (முன்வரிசையில் சிரிக்கிறார்களே, நேற்றுதான் சொல்லியிருப்பார்கள் போல.) சேர்க்கை கெடுக்கும் என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு, ஆக்கும் என்று சொல்ல மட்டும் ஏன் வாய் வரவில்லை? வள்ளுவர் மக்கட்பேற்றுக்கு ஒரே அதிகாரம் வைத்தார். நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு என்று நட்புக்கு மட்டும் ஐந்து வைத்தார்.

கும்பகோணத்துக்கு வாருங்கள். ராமானுஜன். தாயார் கோமளத்தம்மாள் பாசத்திலும் பக்தியிலும் குறை வைக்கவில்லை. ஆனாலும் பையன் கணக்கைத் தவிர எதையும் தொடாமல் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தோற்றான், உதவித்தொகை போயிற்று. பச்சையப்பன் கல்லூரியிலும் அதே கதை. 1909-இல் வீடு என்ன செய்தது? கல்யாணம் செய்து வைத்தது. நம்மூர் கைவைத்தியம்!

நோட்டுப் புத்தகத்தோடு வேலை தேடி அலைந்தவருக்குத் துணை நின்றது யார்? இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயர். மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கிய ராமச்சந்திர ராவ். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தாவானபோது அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர்.

இந்த நாராயண ஐயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் மேலதிகாரி, கணிதம் படித்தவர். இரவில் இருவரும் மடியில் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். காகித விலை கட்டுப்படியாகாது. ராமானுஜன் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார். இரண்டே படியில் விடைக்குத் தாவுவார். "தம்பி, எனக்குப் புரிகிற மாதிரி நடுவில் பத்துப் படி எழுது" என்கிற பொருளில் அவரை இழுத்துப் பிடித்தவர் நாராயண ஐயர். வேலை செய்யும் இடத்தில், தனக்குக் கீழே இருப்பவன் தன்னைவிடப் பெரியவன் என்று தெரிந்தும் பொறாமைப்படாமல் பக்கத்தில் உட்கார எத்தனை பேருக்கு மனசு வரும்? நம்ம ஆபீசை நினைத்துப் பாருங்கள்!

அந்தத் துணையோடு இருந்த நாட்களில்தான், 1913 ஜனவரியில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஹார்டிக்கு ராமானுஜனின் கடிதம் போனது.

எதிரணித் தலைவர் அடுத்து என்ன சொல்வார் என்று தெரியும். கடல் தாண்டக் கூடாது என்றிருந்த வீட்டில், தாயார் சம்மதித்ததால்தானே 1914-இல் கப்பல் ஏறினார் என்பார். உண்மைதான் ஐயா. ஆனால் ஹார்டி அழைக்காமல் இருந்திருந்தால், அந்த அம்மாளிடம் சம்மதம் கேட்கவே வேலை இருந்திருக்காதே! இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தலைவர் தன் உரையைத் தொடங்கட்டும். மணி அடித்துவிட்டார்கள், வணக்கம்.