ஏழு வைத்த சோதனை

வணக்கம். கையருகே பேனாவும் கிழித்துப்போட்ட காலண்டர் தாளும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எண் சொல்கிறேன், நிதானமாக எழுதுங்கள். 3, 8, 1, 6, 5, 4, 7, 2, 9. எழுதியாயிற்றா? முப்பத்தெட்டுக் கோடியே பதினாறு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது.

ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வொரு இலக்கமும் இதில் ஒரே முறைதான் வருகிறது. இப்போது எண்ணைக் கையால் மறைத்துவிட்டு, இடப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் 38, இரண்டால் மீதியில்லாமல் வகுபடும். மூன்று இலக்கம் 381, மூன்றால் வகுபடும். 3816 நான்கால், 38165 ஐந்தால், 381654 ஆறால். ஏழு இலக்கம் திறந்தால் 3816547. ஏழால் வகுத்துப் பாருங்கள், சரியாக 545221. அப்புறம் எட்டு, ஒன்பது, அவையும் அப்படியே. கடைசியில் ஒரு பூஜ்யம் சேர்த்தால் பத்தாலும் வகுபட்டுவிடும்.

இந்த ஒன்பது இலக்கங்களை 3,62,880 விதமாக வரிசைப்படுத்தலாம். அத்தனையிலும் இப்படி அமைவது இது ஒன்றே ஒன்று. இதைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் வேண்டாம், எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

ஐந்தாம் இடத்தில் 5 தவிர வேறு எதற்கும் வழியில்லை, பூஜ்யம்தான் கிடையாதே. 2, 4, 6, 8 ஆகிய இடங்களில் இரட்டைப்படை இலக்கம் வந்தாக வேண்டும். அப்படியானால் மற்ற இடங்களெல்லாம் ஒற்றைப்படைக்கு. நான்காம் இடத்தைக் கவனியுங்கள். அதற்கு முன்னால் நிற்பது ஒற்றைப்படை. 14, 18, 34, 38 எதுவும் நான்கால் வகுபடாது. 12, 16, 32, 36 வகுபடும். ஆகவே அங்கே 2 அல்லது 6. எட்டாம் இடத்துக்கும் அதே கதைதான். 4-ம் 8-ம் மிஞ்சிய இரட்டைப்படை இடங்களுக்குப் போய்விடுகின்றன. மூன்றாலும் ஆறாலும் வகுபட வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நடு மூன்று இலக்கம் 258 அல்லது 654. ஒன்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். எப்படி அடுக்கினாலும் கூட்டுத்தொகை 45.

ஏழால் வகுப்பதை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டு இப்படிச் சலித்தால் மிஞ்சுவது பத்தே எண்கள். அந்தப் பத்தில் ஒன்று 987654321! முதன்முதலில் தாளில் அதைப் பார்த்தபோது, இதுதான் விடை என்று மனம் துள்ளியது. 98 இரண்டால், 987 மூன்றால், 9876 நான்கால் என்று அழகாக வகுபட்டுக்கொண்டே வருகிறது. 98765432-ஐ எட்டால் வகுத்தால் ஈவு 12345679. ஆனால் ஏழில் தடுக்கிவிட்டது. 9876543-ஐ ஏழால் வகுத்தால் மீதி 5. மற்றப் படிகள் எல்லாவற்றிலும் தேறிய எண், அந்த ஒரே இடத்தில் வெளியே நிற்கிறது.

பத்தில் இரண்டைச் சொல்லிவிட்டேன். 147258963 மூன்றாவது. அதையும் ஏழால் சோதித்துவிட்டு, மிச்சம் ஏழு எண்களை நீங்களே எழுதிப் பாருங்கள், ஒரு தாள் போதும். வணக்கம்.