உன் அக்கா யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

நர்சிங் முடித்துப் புதிதாக வேலையில் சேரும் பிள்ளைகளுக்கு மருத்துவமனை எப்படித் துணை நிற்கலாம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். முப்பத்தாறு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து, 2019இல் செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். எங்கே தொடங்கலாம் என்று யோசித்தபோது, 1983ஆம் ஆண்டின் ஓர் இரவுதான் முன்னால் வந்து நின்றது.

வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம். பெண்கள் அறுவை சிகிச்சை வார்டு. நாற்பது கட்டில்கள்; தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களையும் சேர்த்தால் ஐம்பத்திரண்டு பேர். இரவு ஏழு மணிக்கு வார்டை என்னிடம் ஒப்படைத்த சிஸ்டர், ஒரு கேஸ் ஷீட்டைக்கூடப் புரட்டாமல் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டே போனார். ஏழாவது கட்டிலோடு என் தலை நிரம்பிவிட்டது. காலை ஏழு மணி வரை நானும், இருபது வருடமாக அந்த வார்டிலேயே இருந்த ஓர் ஆயாவும்தான்.

அன்று மதியம் கழுத்தில் கழலை அறுவை செய்துகொண்ட ஓர் அம்மா, மாலையிலிருந்தே தண்ணீர் தண்ணீர் என்று முனகிக்கொண்டிருந்தார். இரவு இரண்டு மணி வாக்கில் அந்த முனகல் நின்றது. அப்பாடா, தூங்கிவிட்டார் என்று எனக்கு நிம்மதி. ஆயாவுக்கு நிம்மதி இல்லை. “சிஸ்டர், அந்த அம்மாவை ஒரு தடவை வந்து பாருங்கள்” என்றார். போய்ப் பார்த்தேன். கழுத்துக் கட்டு உலர்ந்துதான் இருந்தது. நாடி மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பிடரிக்கு அடியில் கையை விட்டேன், தலையணை நனைந்திருந்தது.

தைராய்டு அறுவைக்குப் பிறகு கட்டின் முன்புறம் உலர்ந்திருந்தாலும் இரத்தம் பின்பக்கமாக வழிந்து பிடரியில் தேங்கலாம், அங்கே கை விட்டுப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தேர்வில் அதை எழுதிப் பத்துக்கு எட்டு மதிப்பெண் வாங்கியிருந்தேன். அந்தப் பதிலும் அந்தக் கட்டிலும் என் மனதில் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் டாக்டரை அழைக்கக் கால் புக்கில் எழுதி ஆயாவிடம் கொடுத்தனுப்ப வேண்டும். முந்தைய வாரம்தான், ஒன்றுமில்லாததற்கு எழுப்பியதாக ஒரு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அதனால் மறுபடி நாடி பார்த்தேன். மறுபடி இரத்த அழுத்தம் பார்த்தேன். பத்து நிமிடம் அப்படியே போனது. கடைசியில் ஆயாவே கால் புக்கை எடுத்து என் முன்னால் வைத்தார். டாக்டர் ஓடி வந்தார், தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள், அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். காலையில் வந்த ஹெட் நர்ஸ் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “டெம்பரேச்சர் சார்ட் ஏன் நிரப்பவில்லை?”

படிப்பு சரியில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று மூத்தவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்து நிமிடம் நினைவுக்கு வரும். என்னிடம் அறிவு இருந்தது. பயப்படாமல் கேட்க ஓர் ஆள் இல்லை. (பையன்களும் இப்போது நிறைய வருகிறார்கள். பேச்சு வசதிக்காக ‘அவள்’ என்று சொல்லிக்கொண்டு போகிறேன், அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

கல்லூரியிலிருந்து வார்டுக்கு வரும்போது விழும் இந்த அடிக்கு, அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974இலேயே ‘ரியாலிட்டி ஷாக்’ என்று பெயர் வைத்துவிட்டார். முதலில் கொஞ்ச நாள் தேனிலவு, பிறகுதான் அதிர்ச்சி என்பது அவர் கணக்கு. நம் ஊரில் அந்தத் தேனிலவு யூனிபார்ம் தைத்து வரும் வரைதான். படிக்கும்போது அவளிடம் இரண்டு மூன்று நோயாளிகளைக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் பக்கம் பக்கமாகப் பராமரிப்புத் திட்டம் எழுதச் சொல்கிறோம். போதனை மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று இந்திய செவிலியர் கவுன்சிலின் விதிமுறையையும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். 500 மில்லி குளுக்கோஸ் நான்கு மணி நேரத்தில் இறங்க வேண்டும், மில்லிக்கு இருபது சொட்டு என்றால் நிமிடத்துக்கு எத்தனை? நாற்பத்திரண்டு என்று பட்டென்று சொல்வாள். வார்டில் ஒன்பது ட்ரிப்ஸ் ஒன்றாக ஓடும், இரண்டு நின்றிருக்கும், ஒருவர் வாந்தி எடுப்பார், யாரோ ஒருவர் கதவோரம் நின்று “சிஸ்டர்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். இதில் எதை முதலில் செய்வது என்பதற்கு எந்தத் தாளிலும் கேள்வி வந்ததில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? நான் பொறுப்புக்கு வந்த பிறகு செய்தது ஒன்றே ஒன்றுதான். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்தவரை ஒதுக்கினேன். ஆறு வாரம் இருவருக்கும் ஒரே ட்யூட்டி: காலை என்றால் இருவருக்கும் காலை, இரவு என்றால் இருவருக்கும் இரவு. இதற்கு நாங்கள் பெரிய பெயரெல்லாம் வைக்கவில்லை. ரவுண்ட்ஸ் போகும்போது புதியவளிடம் “உன் அக்கா யார்?” என்று கேட்பேன். பெயர் சொல்லத் தயங்கினால் அந்த வார்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

யாரை அக்காவாக்குவது என்பதில் முதலில் நானே தவறு செய்தேன். இருபத்தைந்து வருடம் ஆனவர்களாகப் பார்த்துப் போட்டேன். அது சரிவரவில்லை. 1983இன் அந்த ஆயாவிடம் மறுநாள் காலை, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தேன். “தெரியவில்லை சிஸ்டர், சரியாகப் படவில்லை” என்றார். அனுபவசாலிகள் பலருடைய பதிலும் அதுதான். பேட்ரிசியா பென்னர் என்ற செவிலியர் பேராசிரியை 1984இல் இதை ஐந்து படிகளாக விளக்கினார். முதல் படியில் இருப்பவள் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஐந்தாம் படியில் இருப்பவள் பார்த்தவுடனே மொத்த நிலைமையையும் பிடித்துவிடுவாள். ஐந்தாம் படிக்காரிக்கு முதல் படி மறந்துபோயிருக்கும். அதனால் பிறகு மூன்று, நான்கு வருடம் ஆனவர்களை அக்காவாக்கினேன். அடி வாங்கிய இடம் அவர்களுக்கு இன்னும் வலிக்கும். சரியாகச் சொல்லிக் கொடுப்பார்கள். லீவு எழுதிக் கொடுக்கும் ஹெட் நர்ஸை ஒருபோதும் அக்காவாக்கக் கூடாது. அவரிடம் யார் சந்தேகம் கேட்பார்கள்?

அதே பென்னர்தான், ஒரே மாதிரியான வேலையில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த பிறகே நடுப்படியை எட்டுவார்கள் என்றும் சொல்கிறார். நாமோ ஆள் போதவில்லை என்று புதியவளை இந்த வாரம் ஐ.சி.யூ., அடுத்த வாரம் குழந்தைகள் வார்டு என்று பந்தாடுகிறோம். பிறகு, கற்றுக்கொள்ளவில்லை என்று குறையும் சொல்கிறோம்.

பயம் என்ன செய்யும் என்பதற்கு இன்சுலின் ஓர் உதாரணம். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட் குப்பியும் உண்டு. நாற்பதுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, நூறுக்கு ஆரஞ்சு மூடி. நூறு குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இருபது கோடு வரை இழுத்தால் நோயாளிக்குப் போவது இருபது யூனிட் அல்ல, ஐம்பது. ஒரு வார்டில் புதிய பெண் ஒருத்தி குப்பியையும் சிரிஞ்சையும் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். பக்கத்தில் இருந்த மூத்தவரிடம் கேட்கவில்லை. அன்று காலைதான் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியிருந்தாள். அந்தப் பக்கமாகப் போன பயிற்சி மாணவியிடம் ரகசியமாகக் கேட்டாள். அந்த மாணவிக்குத் தெரிந்திருந்தது என்பது நம் அதிர்ஷ்டம்.

ஊசி குத்திக்கொள்வதும் அப்படியே. பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. இது தெரிந்தே, கவனக்குறைவு என்று மெமோ வரும் என்று பயந்து, மூன்று நாள் மறைத்து வைத்துத் தனியாக அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

டாக்டரைக் கூப்பிடுவதையும் பழக்கித்தான் ஆக வேண்டும். “டாக்டர், அந்த பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கிறார்” என்றால் நடு இரவில் எழுந்தவருக்கு எரிச்சல்தான் வரும். நான் யார், எந்த நோயாளி. இப்போது என்ன நடக்கிறது. இதற்கு முன் என்ன நடந்தது. நான் என்ன நினைக்கிறேன். நீங்கள் என்ன செய்ய வேண்டும். இந்த வரிசை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழக்கத்தில் இருந்து பிறகு மருத்துவமனைகளுக்கு வந்தது. மதிய நேரத்தில் ட்யூட்டி ரூமில் இணைப்பு இல்லாத பழைய டெலிபோன் ஒன்றை வைத்துக்கொண்டு, நான் டாக்டராக நடித்து எரிந்து விழுவேன். பிள்ளைகள் சொல்லிப் பழகுவார்கள். என் நடிப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். நாலு பேரிடம் வாங்கியதை எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன் அல்லவா!

சம்பளம், ஒப்பந்த வேலை பற்றிப் பேச இன்னொரு அரை மணி நேரம் தேவைப்படும். இன்று விட்டுவிடுகிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரவு ட்யூட்டி முடித்துக் காலை ஒன்பது மணிக்குப் படுக்கும் பெண்ணை, பத்தரைக்கு வந்த விருந்தாளிக்குக் காபி போட எழுப்பாதீர்கள். மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கும் ஒன்று. கையில் வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் போடும் சிறு குழாய்) போட வருபவள் புதியவள் என்று தெரிந்ததும் “வேறு சிஸ்டரைக் கூப்பிடு” என்று கத்தாதீர்கள். இரண்டு முறை முயன்று முடியவில்லை என்றால் அவளே மூத்தவரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். கூப்பிடுவாள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் இரவு ரவுண்ட்ஸ் போனேன். வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆன ஒரு பெண், போனில் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள். தன் பெயர், கட்டில் எண், இரத்த அழுத்தம், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இருந்த அளவு எல்லாம் வரிசையாக வந்தன. டாக்டர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். “தெரியவில்லை டாக்டர், பார்த்துவிட்டு இரண்டு நிமிடத்தில் கூப்பிடுகிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டு நோயாளியிடம் போனாள். அவளுடைய அக்கா நான்கு கட்டில் தள்ளி ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வணக்கம்.