பர்மிட்டில் யார் பெயர்?

(திருப்பூரில் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

வரும் வழியில் ஒரு பனியன் கம்பெனி கேட்டில் அட்டை தொங்கியது. ‘டைலர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை.’ கீழே அதையே இந்தியிலும் எழுதியிருந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்குப் பீஸ் ரேட் கட்டுபடியாகவில்லையா, சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை எதிர் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்துவிடலாம். முதலாளிக்குக் கோபம் வரும், அவ்வளவுதான்.

என் அக்கா மகன் தாராபுரத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனான். ஏஜெண்ட் வாங்கியது இரண்டு லட்சம். பதிவு பெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாய்க்கும் அதன் ஜி.எஸ்.டி.க்கும் மேல் சேவைக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. அக்காவின் சங்கிலி மூன்று வருஷம் அடகில் கிடந்தது. அங்கே சொன்ன சம்பளம் தரவில்லை. பக்கத்துக் கம்பெனியில் ஆள் கேட்டார்கள், இவனால் போக முடியவில்லை. அந்த நாடு கொடுத்த ஒர்க் பர்மிட்டில், அதாவது வேலை அனுமதிச் சீட்டில், இந்த முதலாளி பெயர்தான் இருந்தது.

அந்தப் பெயரை, ஆள் எடுக்கிற நாட்டு அரசாங்கம் ஏன் எழுதுகிறது? ஆள் போதவில்லை என்று முதலாளிகள் நச்சரிக்கிறார்கள். எங்கள் கூலி விழும் என்று உள்ளூர்த் தொழிலாளி பயப்படுகிறான். வந்தவன் திரும்பிப் போவானா என்று உள்துறை கேட்கிறது. சரி, வரட்டும், ஆனால் ஒரே இடத்தில் கட்டிப்போடுவோம் என்று முடிகிறது. வரப்போகிறவனை யாரும் கேட்பதில்லை, அவனுக்கு அங்கே ஓட்டும் இல்லை. சிங்கப்பூரில் ஒரு கம்பெனி எத்தனை வெளிநாட்டு ஆள் வைக்கலாம் என்று கோட்டா, ஆளுக்கு இவ்வளவு என்று முதலாளி அரசுக்குக் கட்டும் மாதாமாத லெவி, மலேசியர் அல்லாத ஒர்க் பர்மிட்காரர் ஒருவருக்கு முதலாளி தரும் 5,000 வெள்ளி ஜாமீன் என்று இந்தக் கணக்கைத் துல்லியமாகவே போட்டிருக்கிறார்கள்.

மேற்கு ஜெர்மனி 1961இல் துருக்கியிலிருந்து ஆள் எடுத்தபோது இரண்டு வருஷத்தில் திருப்பி அனுப்புவதாகத்தான் ஏற்பாடு. கை பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்கு முதலிலிருந்து சொல்லித்தர முதலாளிகளுக்கே மனசில்லை. இந்த ஊரில் அதை விளக்கவே வேண்டாம். 1964இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள்.

ஆக, விதி மாறும். ஏஜெண்டை ஒதுக்க, தென்கொரியா 2004 முதல் அரசுக்கு அரசு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுக்கிறது. 2020இல் கத்தார், முதலாளியின் ஒப்புதல் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் போட்டது. அப்புறமும் அங்கே புகார்கள் நிற்கவில்லை. ஆனாலும் கேட்க ஒரு சட்டமாவது கையில் இருக்கிறது.

நம் மத்திய அரசு அடுத்து எந்த நாட்டோடு ஆள் அனுப்பக் கையெழுத்துப் போட்டாலும் இரண்டு வரி அதில் இருக்க வேண்டும்: போகிற செலவு முதலாளியுடையது, மூன்று மாத நோட்டீஸில் வேறு கம்பெனிக்கு மாறலாம். இதைக் கேட்கும் மனுவை வாசலில் மேஜைமேல் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்க.