வைத்தவனும் மண்ணுக்குடையவனும்

தலைமையேற்றிருக்கும் வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, உடல்நலிவையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, எனக்குச் சொத்துரிமைச் சட்டம் கற்பித்த பேராசிரியை அம்மா அவர்களே, புதுக்கோட்டைப் பெருமக்களே, வணக்கம்.

'அக்செஷன்' என்ற ஒரே சட்டச்சொல் அரியணை ஏறுவதையும், ஒரு நாடு மற்றொன்றோடு இணைவதையும், பிறர் செய்த உடன்படிக்கையில் பின்னர் சேர்வதையும், நிலத்தோடு ஒட்டியது நிலத்துக்குரியவருக்கே ஆவதையும் குறிக்கும். நான்கையும் பேசுவதாக அழைப்பிதழ் சொல்கிறது. முதலிரண்டுக்கு இந்த ஊரே சான்று. 1928-இல் சிறுவராக அரியணை ஏறிய இராஜகோபாலத் தொண்டைமான், 1947-இல் இந்தியாவோடு இணைந்தார். 1948 மார்ச் 3-ஆம் நாள் சமஸ்தானமே சென்னை மாகாணத்தில் கலந்தது. அப்போது எது போகிறது, எது நிற்கிறது என்று தாளில் எழுதினார்கள். மன்னர் மானியமும் வகுத்தார்கள்.

நான்காவது பொருளுக்கு எங்கள் வீடே சான்று. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார் என் தந்தையார். 1962-இல் ஒரு கோயிலின் அடிமனையை, அதாவது நிலத்தை மட்டும், வாடகைக்கு எடுத்து, செம்மண் குழைத்துச் சுவர் எழுப்பி, நாட்டு ஓடு வேய்ந்தார். கொல்லையில் வைத்த தென்னைக்கு, குளித்த நீரைக்கூட வாய்க்கால் வெட்டி விட்டார். அது பாளை விட்ட அன்று தெருவுக்கே வெல்லம் கொடுத்தார். நாற்பது ஆண்டு கழித்துக் காலி செய்யச் சொன்னபோது, ஓடுகளை நாங்கள் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்க, அவர் தென்னையடியில் நின்று கடைசியாக ஒரு குடம் ஊற்றினார். அந்தச் சுவருக்கும் மரத்துக்கும் எங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

குடியிருப்போர் எழுப்பிய கட்டடத்துக்கும் வைத்த மரத்துக்கும் வெளியேற்றும்போது ஈடு தரவேண்டும் என்று 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் சொன்னது. 1996-இல் வந்த திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை அதிலிருந்து விலக்கிவிட்டது. கோயில் மண் கோயிலுக்கே நிற்கட்டும். அதை விலைக்குக் கேட்கும் உரிமை நமக்கு வேண்டாம். ஆனால் மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்றால், அவன் ஊற்றிய தண்ணீருக்கு ஒரு கணக்கு வேண்டும். மன்னருக்கு எழுதிக் கொடுத்ததுபோல அடிமனைக்காரருக்கும் எழுதிக் கொடுங்கள் என்பதே என் கோரிக்கை.

உடன்படிக்கைகளைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். அடிமனை வாடகை ரசீது வைத்திருப்போர், வாசலில் உள்ள மேசையில் ரசீதின் நகலைக் கொடுத்து மனுவில் கையெழுத்திட்டுச் செல்லுங்கள்.