வரி முடியும் இடத்தில் ஒரு வம்பு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பொறியியல் கல்லூரி லேபுகளில் புராஜெக்ட் சமயத்தில் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது: "சாரே, ஃபைல் அங்கதான் கெடக்கு. ஆனா இல்லேன்னு சொல்லுது!" வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ், லேபில் லினக்ஸ். நிரலை உருவாக்கும் கட்டளைகளை வரிசையாக எழுதி, பென் டிரைவில் கொண்டுவந்த பில்ட் ஸ்கிரிப்ட் ஓடமாட்டேன் என்கிறது.

கோப்பில் வரி முடிவதை விண்டோஸ் ஒரு விதமாகவும் லினக்ஸ் வேறு விதமாகவும் குறிக்கின்றன. டைப்ரைட்டிங் படித்தவர்களுக்குக் காரணம் சட்டென்று பிடிபடும். வரி முடிந்ததும் கைப்பிடியைத் தள்ளினால் இரண்டு வேலை நடக்கும். தாள் ஒரு வரி மேலேறும். கேரேஜ் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். டெலிபிரிண்டரில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில், தொடக்கத்துக்குத் திரும்பும் கேரேஜ் ரிட்டர்னுக்கு எண் 13, தாளை ஏற்றும் லைன் ஃபீடுக்கு 10. யூனிக்ஸ் என்ற இயங்குதளம் வரியை முடிக்க 10 மட்டும் போதும் என்றது. லினக்ஸும் அதே வழி. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது, விண்டோஸ் அதைத் தொடர்கிறது. பழைய மேக் கணினிகளோ 13 மட்டும் எழுதின. அந்தக் கதை மேக் ஓஎஸ் எக்ஸ் வந்த 2001-ஓடு முடிந்தது.

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்மேல் பழி போடவேண்டாம். ஜிசிசி போன்ற கம்பைலர்கள் அந்த 13-ஐப் பெரும்பாலும் பொறுத்துப்போகும். வம்பு அதைச் சுற்றியிருக்கிற கருவிகளில். ஸ்கிரிப்டின் முதல் வரியில், அதை ஓட்டும் பாஷ் என்ற நிரல் இருக்கும் பாதையை எழுதுகிறோம். அதன் வாலில் 13 ஒட்டியிருந்தால் லினக்ஸ் அதையும் பெயரோடு சேர்த்துப் படித்து, அந்தப் பெயரில் ஒரு நிரலைத் தேடும். அது எங்கே கிடைக்கும்? ஆக, இல்லை என்று அது சொல்வது உங்கள் ஃபைலை அல்ல, அதை ஓட்டவேண்டிய நிரலை. எதை எப்படி உருவாக்குவது என்று சொல்லும் மேக்ஃபைலில் எழுதிய பெயர்களுக்கும் இதே வால் முளைக்கும். போதாக்குறைக்கு, திரையில் 13 வந்ததும் கர்சர் வரியின் தொடக்கத்துக்கு ஓடிவிடுவதால் எரர் செய்தியே ஒன்றன்மேல் ஒன்று எழுதிக் குழம்பிக் கிடக்கும்.

கண்டுபிடிக்க, லினக்ஸில் கோப்பைக் காட்டும் கேட் கட்டளையோடு ஒரு சிறு கோடும் பெரிய ஏ எழுத்தும் சேர்த்துப் பாருங்கள். வரிக் கடைசியில் தொப்பிக்குறியும் எம் எழுத்தும் தெரிந்தால் ஆள் அகப்பட்டது. ஆங்கில எழுத்துகளில் எம் 13-ஆவது. டாஸ்டுயூனிக்ஸ் என்ற சிறு கருவி அதை நீக்கிவிடும்.

ஆனால் அது அன்றைக்கு மட்டும்தான். கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியை வைத்து வேலை செய்கிறவர்கள் ஆளாளுக்குத் தங்கள் கணினியில், வரி முடிவைத் தானாக மாற்றும் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பை மாற்றிக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் மறந்தாலும், ஒரு வரி திருத்தியதற்குக் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டும். புராஜெக்டுக்குள்ளேயே கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு ஒன்றை வையுங்கள். பாஷ் போன்றவை ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்டுக்கு எப்போதும் லைன் ஃபீட், விண்டோஸின் கட்டளைக் கோப்பான பேட்ச் ஃபைலுக்கு இரண்டும் என்று அதில் எழுதுங்கள். பிறகு ஒருமுறை, பழைய கோப்புகளையும் இந்த விதிக்குக் கொண்டுவரும் ரீநார்மலைஸ் செய்து, அதை மட்டும் தனி கமிட்டாக, அதாவது தனிப் பதிவாகப் போடுங்கள். வேறு திருத்தம் எதையும் அதில் கலக்கவேண்டாம்.

நன்றி, வணக்கம்.