குச்சி ஐஸுக்குக் காசு கொடுத்தது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"சாத்தானோடு ஒப்பந்தம் போட்டவன் கெட்டது தன் ஆசையாலா, சாத்தானின் சூதாலா?" 1967-ல் வந்த 'பெடாஸில்ட்' என்ற ஆங்கில நகைச்சுவைப் படத்தை வைத்துப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். எதிரணித் தலைவர் எழுந்ததும் "ஆசை அறுமின்கள்" என்று திருமூலரைக் கூப்பிட்டார். பிறகு "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்றார். கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஐயா, படத்தின் நாயகன் ஸ்டான்லி தாசில் பண்ணவா ஆசைப்பட்டான்? லண்டனில் ஒரு விம்பி கடையில் பர்கர் போடுகிறவன். அங்கே பரிமாறுகிற மார்கரெட்டிடம் ஒரு வார்த்தை பேச அவனுக்கு நாக்கு எழவில்லை. மனம் வெறுத்து உயிரை விடப் போனான், அதுவும் சரியாக வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவன் வந்து, "ஏழு வரம் தருகிறேன், ஆன்மாவை எழுதிக் கொடு" என்கிறான். சாகத் துணிந்தவனிடம் கையெழுத்து வாங்குகிறவனைவிடக் கந்துவட்டிக்காரன் மேல், நடுவர் அவர்களே!

வந்தவன் பெயர் ஜார்ஜ் ஸ்பிகாட். சாத்தானுக்கு வைத்த பெயரைப் பாருங்கள், ஏதோ கணக்குப்பிள்ளை பெயர் மாதிரி. நடித்தவர் பீட்டர் குக், ஸ்டான்லியாக டட்லி மூர். திரைக்கதை எழுதியவரும் பீட்டர் குக்தான். ஆக, ஒப்பந்தத்தை எழுதியதும் சாத்தான், கதையை எழுதியதும் சாத்தான். இதில் ஸ்டான்லி எங்கே ஜெயிப்பது?

இப்போது வழக்குக்கு வருகிறேன். "உன் சக்தியைக் காட்டு பார்க்கலாம்" என்று ஸ்டான்லி முதலில் கேட்டது ஒரு ராஸ்பெர்ரி குச்சி ஐஸ். சாத்தான் கையைத் தட்டி வரவழைத்தானா? இல்லை. பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கடையில் வாங்கிக் கொடுத்தான். காசு? ஸ்டான்லியின் பையிலிருந்து! சரி, மாதிரிக்குக் காட்டியதுதானே என்று நானும் விட்டுவிடுவேன். ஆனால் அடுத்து வந்த வரங்களை எண்ணிப் பாருங்கள். அறிவாளி, கோடீஸ்வரன், பாட்டுக்காரன், சுவரில் ஓர் ஈ, கல்லூரி மாணவன், கடைசியில் கன்னியாஸ்திரி. ஆறுதான் வருகிறது. ஏழாவது எங்கே? அந்தக் குச்சி ஐஸ்தான்! சொந்தக் காசில் தின்ற ஐஸைக் கணக்கில் ஏற்றிவிட்டான். இதற்கும் ஆசைதான் காரணமா?

எதிரணியினர், "ஒழுங்காகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்" என்றார்கள். கேட்டான் ஐயா. ஆனால் வரம் கொடுத்தவன் தள்ளி நின்றானா? பாட்டுக்காரனாகி "என்னைக் காதலி" என்று தொண்டை கிழியப் பாடினான், பெண்கள் எல்லாம் மயங்கி நின்றார்கள். உடனே சாத்தானே இன்னொரு பாடகனாக மேடை ஏறினான். "உன்மேல் எனக்கு அக்கறையே இல்லை" என்று முகத்தில் ஓர் உணர்ச்சியும் காட்டாமல் பாடினான், கூட்டம் மொத்தமும் அவன் பக்கம் சாய்ந்தது. மாணவனான கதை இன்னும் மோசம். மார்கரெட்டும் ஸ்டான்லியும் மனதார விரும்புகிறார்கள். ஆனால் அவளுக்குக் கணவன் ஒருவன் இருக்கிறான். சாதாரணக் கணவன் இல்லை, தங்கமான மனிதன். அவ்வளவு நல்லவனுக்குத் துரோகம் செய்வதா என்று இருவரும் குற்ற உணர்ச்சியில் உருகிப் போகிறார்கள். அந்த உத்தமன் யார் தெரியுமா? ஜார்ஜ்! ஒருவனைக் கெடுப்பதற்காக நல்லவனாகக்கூட வேஷம் கட்டுகிற கெட்டவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடைசி வரத்துக்கு ஸ்டான்லி உஷாராகி, ஆரவாரம் இல்லாத இடம், அமைதி, மார்கரெட், அன்பு என்று ஒவ்வொன்றாக அடுக்கினான். "நான் ஆணாக இருக்க வேண்டும்" என்பதை மட்டும் சொல்லவில்லை. யாராவது சொல்வோமா? விளைவு, இருவரும் ஒரே மடத்தில் கன்னியாஸ்திரிகள். டிராம்போலினில் எம்பிக் குதிப்பதே அங்கே வழிபாடு! ஒப்பந்த வாசகத்தில் ஐயம் வந்தால், அதை எழுதியவனுக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்பது ஆங்கிலேயச் சட்ட மரபு. அந்த ஊர் நீதிமன்றத்துக்கே போனாலும் ஜார்ஜ் தோற்பான்.

"கடைசியில் ஆன்மாவைத் திருப்பிக் கொடுத்தானே, நல்லவன்தானே" என்றும் ஒரு வாதம் வந்தது. ஏன் கொடுத்தான்? கடவுளோடு ஒரு பந்தயம், 10,000 கோடி ஆன்மாக்களைச் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கு நிறைந்துவிட்டது. ஒரு நல்ல காரியம் செய்தால் சொர்க்கத்தில் மறுபடி இடம் கிடைக்குமே என்று கொடுத்தான். கடவுள் உள்ளே விடவில்லை. அவருக்குத் தெரிந்தது எதிரணிக்குத் தெரியவில்லை!

இவன் அன்றாடம் செய்கிற வேலையைப் பாருங்கள். அகதா கிறிஸ்டி நாவல்களின் கடைசிப் பக்கத்தைக் கிழிக்கிறான், புது இசைத்தட்டுகளில் கீறல் போடுகிறான். கொலைகாரன் யார் என்று தெரியாமல் தூக்கம் கெட்ட வாசகனைப் பார்த்தும், "படிக்க ஆசைப்பட்டது உன் தப்பு" என்பீர்களோ?

படம் முடிகிற இடம் ஒன்று இருக்கிறது. ஸ்டான்லி பழைய கடைக்குத் திரும்பி, அதே மார்கரெட்டிடம் வாய் திறந்து, "வெளியே போகலாமா" என்று கேட்கிறான். அவள் இன்று முடியாது என்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்க்கிறான். அதே ஆசைதான் நடுவர் அவர்களே, ஒரு துளிகூடக் குறையவில்லை. சாத்தான் மறுபடி வலை வீசிப் பார்க்கிறான், இவன் மசியவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள். தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். அதற்கு முன் அந்தக் குச்சி ஐஸ் காசை மட்டும் எதிரணியிடமிருந்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.