வெள்ளைக் கொக்கும் இருண்ட வாவியும்

வணக்கம் நேயர்களே. மட்டக்களப்பின் கல்லடிப் பக்கத்து வாவிக்கரையில் காலையில் பறவைகளைப் படம் எடுக்க நிற்கிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி. சூரியன் ஏறும்போது வெயில் உங்கள் முதுகில் படும். முன்னால் நிற்கும் கொக்கின் முகத்திலும் அதே வெயில் விழும். அதன் கண்ணுக்குள் ஒரு சின்ன ஒளிப்பொட்டு தெரியும். அந்தப் பொட்டு இல்லாவிட்டால் பறவை பொம்மை மாதிரித்தான் இருக்கும். பின்னேரம் அதே இடத்தில் நின்றால் வெறும் நிழலுருவம்தான் கிடைக்கும்.

சரி, இனிக் கமராவுக்கு வருவோம். நான் முதலில் எடுத்த கொக்குப் படங்கள் எல்லாம் வெள்ளைக் கடதாசியை வெட்டி ஒட்டின மாதிரி இருந்தன. ஓர் இறகுகூடத் தெரியவில்லை. காரணம் விளங்க எனக்குக் கனநாள் பிடித்தது. கமராவுக்குக் கொக்கு எது, தண்ணீர் எது என்று தெரியாது. மொத்தக் காட்சியையும் சராசரியாக்கி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். காட்சியில் பெரும்பகுதி இருண்ட தண்ணீர் என்றால் வெளிச்சத்தைக் கூட்டிவிடும்; கொக்கு வெளுத்துப்போகும். அப்படி முழுதாக வெளுத்த இறகைப் பிறகு கணினியிலும் மீட்க முடியாது. ஆகவே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதுதான் கூட்டல் கழித்தல் அடையாளம் போட்ட பொத்தான், கழித்தல் 1 வரை இறக்குங்கள். வானத்தில் வட்டமிடும் செம்பருந்துக்கு இது நேர்மாறு. பின்னால் பளிச்சென்ற வானம் இருப்பதால் கூட்டல் 1 வையுங்கள்.

நிற்கும் நாரைக்கு ஷட்டர் வேகம், அதாவது கமரா ஒளியை உள்ளே விடும் நேரம், செக்கனில் 500இல் ஒரு பங்கு போதும். பறப்பதற்கு 2000இல் ஒரு பங்கு வேண்டும். ஐஎஸ்ஓவை, அதுதான் கமராவின் ஒளி உணர்திறன், ஆட்டோவில் விடுங்கள். 1600க்கு ஏறினாலும் பயமில்லை. அதனால் படத்தில் வரும் புள்ளிகளைப் பிறகு கணினியில் குறைக்கலாம், அசைந்து கலங்கின படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபோகஸ் தொடர் முறையில், அதாவது அசையும் பறவையை விடாமல் பின்தொடரும் முறையில், இருக்கட்டும்: நிக்கனில் ஏஎஃப்-சி, கெனனில் ஏஐ சர்வோ.

கறுப்பு வெள்ளை மீன்கொத்தியை ஒருநாள் ஆறுதலாகப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே ஓரிடத்திலேயே சிறகடித்து நிற்கும். சிறகு படபடக்கும், தலை மட்டும் ஆணி அடித்த மாதிரி அசையாது. அந்தத் தலையில் ஃபோகஸைப் பிடித்து, அது நிற்கும்போதே தொடர்ச்சியாக எடுங்கள். பாய்ந்தபிறகு துரத்தினால் கிடைப்பது தண்ணீர்த் தெறிப்பு மட்டும்தான்.

அம்பாறைப் பக்கம் குமண வில்லு என்ற சதுப்பு நிலத்துக்குப் போகிறவர்களிடம் ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். மே, ஜூன் மாதங்களில் அங்கே நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டியிருக்கும். தாய் பயந்து எழும்பினால் குஞ்சு வெயிலிலும் காகத்தின் வாயிலும் மாட்டும். 400 மில்லிமீற்றர் லென்ஸுக்குக் கிட்டாத கூட்டை விட்டுவிடுங்கள். எந்த இடத்திலும் பறவை இரை தேடுவதை நிறுத்தி, கழுத்தை நீட்டி உங்களையே பார்த்தால் ஓர் அடியும் வைக்காதீர்கள். அது மறுபடி தலையைக் குனியும்வரை அப்படியே நில்லுங்கள்; அதற்குப் பிறகு கமராவைத் தூக்கலாம்.